ஒரே இறுதிப் பாகத்துக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும்: வாசகர்கள் உண்மையில் எதை மதிப்பிடுகிறார்கள்?

2013 ஜனவரி 8 அன்று 'எ மெமரி ஆஃப் லைட்' என்ற ஆங்கில நாவல் வெளியானது. 1990-இல் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையின் 14-ஆவது பாகம், கடைசிப் பாகம். வெளிவந்த கையோடு அமேசானில் அதற்கு ஐந்து நட்சத்திரங்களும் குவிந்தன, ஒற்றை நட்சத்திரங்களும் குவிந்தன. 900 பக்கங்களுக்கு மேல் போகும் புத்தகம் அது. அத்தனை பேரும் அதற்குள் படித்து முடித்திருக்க வழியே இல்லை. அப்படியானால் அந்த மதிப்பெண்கள் எதற்குப் போடப்பட்டவை?

பெரிய கற்பனை வரிசை ஒன்று முடியும்போதெல்லாம் இதே குழப்பம் வருகிறது. ஒருவர் அழுதுகொண்டே படித்தேன் என்கிறார், இன்னொருவர் சப்பென்று முடித்துவிட்டார்கள் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இறுதிப் பாகத்துக்கு வரும் விமர்சனங்களில் பெரும்பகுதி அந்த ஒரு புத்தகத்தைப் பற்றியதே அல்ல. அதற்கு முந்தைய வருடங்களில் வாசகர் தம் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்ட முடிவைப் பற்றியது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பம் பெருமளவு தெளியும்.

(இந்த வரிசையின் முடிவும் வேறு சில நாவல்களின் முடிவுகளும் கீழே சொல்லப்படுகின்றன. படிக்காதவர்கள் யோசித்துத் தொடரவும்.)

அடிப்படை: இந்த வகை நாவல் வரிசை எப்படி இயங்குகிறது

எபிக் ஃபேன்டசி என்பது தனக்கென்று நிலப்படம், வரலாறு, மாயசக்திக்கான விதிகள் எல்லாம் கொண்ட ஒரு கற்பனை உலகில் நடக்கும் நெடுங்கதை. துப்பறியும் நாவல் வரிசையில் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வழக்கு முடிந்துவிடும். இங்கே முதல் பாகத்தில் தொடங்கும் மோதல் கடைசிப் பாகத்தில்தான் தீரும். நடுவில் உள்ள ஒவ்வொரு பாகமும் சில முடிச்சுகளை அவிழ்த்து, அதைவிட அதிகமாகப் புதிய முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போகும்.

இந்தக் கட்டுரைக்கு மூன்று சொற்கள் தேவை. 'இழை' என்றால் ஒரு பாத்திரத்தையோ கேள்வியையோ தொடர்ந்து செல்லும் கதைப்போக்கு. 'தியரி' என்றால் பாகங்களுக்கு இடையிலான காத்திருப்பில் வாசகர்கள் சான்று திரட்டிக் கட்டும் ஊகம். 'எபிலாக்' என்றால் முக்கிய மோதல் தீர்ந்த பிறகு வரும் பின்கதை.

'தி வீல் ஆஃப் டைம்' வரிசை மொத்தம் ஏறக்குறைய 44 லட்சம் சொற்கள். அதில் எத்தனை இழைகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவை அத்தனையும் வந்து சேர்வது ஒரே புத்தகத்தின் தலையில்.

இந்த வரிசைக்கு என்ன நடந்தது

எழுதியவர் ராபர்ட் ஜோர்டன். இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர், வியட்நாம் போரில் பணியாற்றியவர். 2005-இல் 11-ஆவது பாகம் வந்தபோது, அடுத்த பாகத்தோடு கதை முடியும், அது எவ்வளவு தடிமனாக வந்தாலும் சரி என்று சொல்லியிருந்தார். 2006-இல் அவருக்கு அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இருப்பது வெளியில் தெரிந்தது. 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். அதற்கு முன் முடிவுப் பகுதிகள் சிலவற்றை எழுதியும், மீதிக் கதையைக் குடும்பத்தாரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

அவருடைய மனைவி ஹாரியட் மக்டூகல்தான் தொடக்கத்திலிருந்தே அந்த நாவல்களின் எடிட்டர். கதையை முடிக்க பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. சாண்டர்சன் சிறு வயதிலிருந்தே அந்த வரிசையைப் படித்து வளர்ந்தவர். ஒரே பாகமாகத் திட்டமிட்டது மூன்றாக விரிந்து 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. முதல் பாகம் வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வாசகர், கடைசிப் பாகம் வரும்போது நாற்பதை நெருங்கியிருப்பார்.

வந்த எதிர்வினைகளைப் பிரித்தால்

1. புத்தகத்தைத் திறக்காமலே வந்த கோபம். முதல் நாள் ஒற்றை நட்சத்திரங்களில் பல, மின்நூலுக்காக வந்தவை. அச்சுப் புத்தகம் ஜனவரியில் வந்துவிட்டது. மின்நூலை ஏப்ரல் 9 வரை தள்ளிவைத்திருந்தார்கள். அது சாண்டர்சன் எடுத்த முடிவல்ல. ஆனால் கோபத்தைக் காட்ட வாசகர்களுக்கு அந்தப் புத்தகத்தின் மதிப்பெண் பெட்டி ஒன்றுதான் கைக்கு எட்டியது. கதையைப் பற்றி அறிய விரும்புகிறவர் இவற்றைத் தாண்டிப் போய்விடலாம். அதே சமயம் அந்தக் கோபத்தை அற்பம் என்றும் தள்ள முடியாது. 23 வருடம் காத்திருந்தவரிடம் இன்னும் மூன்று மாதம் பொறு, அதுவரை எங்கேயும் முடிவு கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்றால் அவர் கொதிக்கத்தான் செய்வார்.

2. தியரிக்கும் பக்கத்துக்கும் இடையிலான தூரம். எல்லாவற்றிலும் சிக்கலானது இதுதான்.

1993-இல் வந்த ஐந்தாம் பாகத்தின் இறுதியில் ஆஸ்மோடியன் என்ற பாத்திரம் ஒரு கதவைத் திறக்கிறான், யாரையோ பார்க்கிறான், செத்துப்போகிறான். கொன்றது யார் என்று ஜோர்டன் சொல்லவில்லை. வாசகர்கள் ஒவ்வொரு சந்தேக நபருக்கும் தனித்தனிக் கோப்பு திறந்தது போல வாதாடினார்கள். அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார், யாருக்குக் காரணம் இருந்தது, எந்த வரியில் குறிப்பு ஒளிந்திருக்கிறது என்று வருடக்கணக்கில் அலசினார்கள். விடை 17 வருடம் கழித்து, 2010-இல் 13-ஆவது பாகத்தின் பின்னிணைப்பான சொற்பட்டியலில் கிரெண்டல் என்ற எதிரியின் பெயருக்குக் கீழே, கொன்றது அவள்தான் என்று போகிறபோக்கில் வந்தது. அவளைச் சந்தேகப்பட்டவர்களுக்குக்கூட அதில் நிறைவில்லை. இவ்வளவு நாள் சுமந்த கேள்விக்குக் கதைக்குள் ஒரு காட்சியாவது கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய குறை.

டெமான்ட்ரெட் கதை வேறு மாதிரி. முக்கிய எதிரிகளில் ஒருவனான இவன் பல பாகங்களாக எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரியாது. கதாநாயகன் பக்கம் வந்து சேரும் மஸ்ரிம் தைம் என்பவன்தான் மாறுவேடத்தில் இருக்கும் டெமான்ட்ரெட் என்று ஒரு பலமான தியரி உருவானது. அப்படி இல்லை என்று ஆன பிறகும், வேறு எங்கே இருப்பான் என்ற தேடல் நிற்கவில்லை. கடைசிப் பாகத்தில் அவன் ஷாரா என்ற தூரதேசத்துப் படையோடு போர்க்களத்துக்கு வந்து இறங்குகிறான். அந்தத் தேசத்தை வரிசையில் நாம் நேராகப் பார்த்ததே இல்லை. அவன் அங்கே எப்படித் தலைவனானான் என்ற பகுதியை சாண்டர்சன் எழுதியிருந்தார். கதையின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று அதை நாவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு 2013-லேயே ஒரு தொகுப்பு நூலில் தனிக் கதையாக வெளிவந்தது. நாவலை மட்டும் படித்தவருக்கு டெமான்ட்ரெட் திடீரென்று முளைத்தவனாகத் தெரிகிறான். அந்தக் கதையையும் படித்தவருக்கு அவன் ஒரு முழு மனிதன். ஒரே பாத்திரத்தைப் பற்றிய கருத்து இவ்வளவு தூரம் விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகர்கள் பல வருடம் கூடி யோசித்தால், ஒரு எழுத்தாளர் எடுக்கக்கூடிய முடிவுகளில் அநேகமாக எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் எழுத்தாளருக்கு இரண்டே வழிதான். ஊகித்தது நடந்தால் இது எங்களுக்கு எப்போதோ தெரியும் என்பார்கள். ஊகிக்காதது நடந்தால் இதற்கு முன்னேற்பாடே இல்லையே என்பார்கள்.

3. எழுதும் கை மாறியது. சாண்டர்சனின் வாக்கியங்கள் நேரடியானவை, வேகமானவை. ஜோர்டன் ஒரு அறைக்குள் நுழைந்தால் திரைச்சீலையின் தையல்வேலை வரை சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். இந்த வித்தியாசம் எங்கே அதிகம் உறுத்தியது என்றால் மேட் என்ற பாத்திரத்தில். சூதாடி, வாய்த்துடுக்கு, தன்னைத் தானே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் ஆள். அவனுடைய நகைச்சுவை அவன் அறியாமல் வருவது. சாண்டர்சனின் முதல் பாகத்தில் அவன் தெரிந்தே ஜோக் அடிக்கிறான். மேட்டைத் தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று சாண்டர்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கடைசிப் பாகத்தில் அந்தக் குறை குறைந்திருக்கிறது. இருந்தாலும் ஒருமுறை உறுத்திய காது பிறகு ஒவ்வொரு வரியிலும் அதையே தேடும்.

4. போருக்கு இவ்வளவு, பின்கதைக்கு இவ்வளவுதானா? 37-ஆவது அத்தியாயத்தின் பெயர் 'தி லாஸ்ட் பேட்டில்'. அந்த ஒரு அத்தியாயம் மட்டும் சுமார் 79,000 சொற்கள். தனியாக ஒரு நாவலின் நீளம். வாசகரை மூச்சுவிட விடக்கூடாது என்பதற்காகவே அத்தியாயத்தை உடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது பலித்தது என்றுதான் சொல்வேன். பிடித்தமான பாத்திரங்கள் சிலர் ஒரே பத்தியில் இறந்துபோகிறார்கள், துக்கப்பட நேரம் கிடைப்பதில்லை. போர் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் ஏற்றார்கள். இவ்வளவு தூரம் கூட வந்தவர்களுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று சிலர் கேட்டார்கள்.

போர் முடிந்ததும் எஞ்சியது ஒரே ஒரு எபிலாக். பெரும்பகுதியை ஜோர்டனே எழுதி வைத்துவிட்டுப் போனது. கதாநாயகன் ராண்ட் இன்னொருவனின் உடலில் உயிர் பிழைக்கிறான். அவனுடைய பழைய உடலுக்கு எல்லோரும் சிதை மூட்டிக்கொண்டிருக்கையில், மிகச் சிலருக்கு மட்டும் தெரிய அவன் குதிரையேறிப் போய்விடுகிறான். நண்பர்களோடு ஒரு பேச்சு இல்லை. பெற்றெடுக்காமல் வளர்த்த தந்தையிடம் விடைபெறவில்லை. யார் எந்த நாட்டை ஆளப்போகிறார், போட்ட உடன்படிக்கை நிற்குமா என்பதெல்லாம் அப்படியே நிற்கின்றன.

இங்கே டோல்கினை ஒப்பிடுவது பயன் தரும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மோதிரம் அழிவது ஆறாம் பகுதியின் மூன்றாவது அத்தியாயத்தில். அதற்குப் பிறகு இன்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. முடிசூட்டல், பிரிவுகள், ஊர் திரும்பல், ஊரையே மீட்கும் சண்டை, கடைசியாகக் கப்பலேறுதல். போதாக்குறைக்கு, நாயகனின் தோழன் சாம் தன் குழந்தைகளோடு பேசும் ஒரு எபிலாக்கையும் டோல்கின் எழுதியிருந்தார். கைப்பிரதியைப் படித்தவர்களுக்குப் பிடிக்காததால் அதை விட்டுவிட்டார். அவர் காலமாகி வெகு நாள் கழித்து 1992-இல்தான் அது அச்சேறியது. ஒரு வாசகருக்கு அந்த ஆறு அத்தியாயங்கள் இழுவை, இன்னொருவருக்கு அவைதான் கதையின் உயிர். எவ்வளவு பின்கதை போதும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் அளவு கிடையாது.

5. முடிவே பிடிக்காமல் போவது. இதுவரை சொன்னவை முடிவைச் சொன்ன விதம் பற்றியவை. சில சமயம் கோபம் முடிவின் மீதே வருகிறது. ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' வரிசையின் ஏழாம் பாகம் 2004-இல் வந்தது. கடைசிப் பகுதிக்கு முன் கிங் நேராக வாசகரிடம் பேசி, இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கிறார். மேலே படித்தால், கோபுரத்தின் உச்சிக் கதவு நாயகனைக் கதையின் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. இதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை என்போரும், ஏழு பாகம் நடந்தது இதற்கா என்போரும் இன்றும் உண்டு. சி.எஸ். லூயிஸ் 1956-இல் நார்னியா வரிசையை முடித்தபோது சூசன் என்ற பெண்ணை மட்டும், மற்றவர்கள் இறுதியில் சென்று சேரும் நார்னியாவுக்கு வெளியே விட்டுவிட்டார். அது பற்றிய வாதம் அவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை.

காத்திருந்து படித்தவரும் ஒரே மூச்சில் படித்தவரும்

இந்த வரிசையின் பத்தாம் பாகத்தைப் பலரும் மிக மெதுவானது என்று குறை சொல்வார்கள். ஒன்பதாம் பாகம் 2000 நவம்பரில் ஒரு பெரிய உச்சக்காட்சியோடு முடிந்தது. வாசகர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2003 ஜனவரியில் வந்த பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி, அந்த உச்சக்காட்சி நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று காட்டியது. கதை நகரவே இல்லை. அடுத்த பாகத்துக்கு இன்னும் இரண்டே முக்கால் வருடம்.

இன்று அதே பாகத்தைப் படிப்பவர் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அவருக்கு அது சற்றே தொய்வான ஒரு வாரம், அவ்வளவுதான். முந்தையவருக்கு அது வாழ்க்கையில் ஐந்து வருடம்.

இறுதிப் பாகத்துக்கும் இதே கணக்குதான். காத்திருந்தவருக்கு ஆஸ்மோடியன் ஒரு பழைய கடன். மொத்தமாகப் படிப்பவருக்கு அவன் ஐந்தாம் பாகத்திலேயே செத்துப்போன ஒருவன், அவ்வளவாக நினைவில்கூட இருக்கமாட்டான். அதனால் பிந்தைய வாசகர் திறந்த இழைகளைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. ஆனால் கை மாறியது அவருக்குத்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் 11-ஐ முடித்த மறுநாளே 12-ஐத் திறந்திருப்பார்.

நட்சத்திர எண்ணிக்கை எங்கே ஏமாற்றுகிறது

ஒரு பேச்சுக்கு முதல் பாகத்தை 100 பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்காத 60 பேர் வழியில் கழன்றுகொள்கிறார்கள். 14-ஆம் பாகத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் எஞ்சிய 40 பேர், அதாவது ஏற்கெனவே இந்தக் கதையை விரும்புகிறவர்கள். நெடுவரிசைகளில் கடைசிப் பாகத்தின் சராசரி முதல் பாகத்தைவிட உயர்ந்து நிற்பதற்கு இந்த வடிகட்டலே போதும். புத்தகம் மேம்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே முதல் பாகத்தின் சராசரியையும் கடைசிப் பாகத்தின் சராசரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, மிகவும் பிடித்தவர்களும் மிகவும் வெறுத்தவர்களும்தான் உட்கார்ந்து எழுதுவார்கள். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது என்று நினைப்பவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

மூன்றாவது, நம் நினைவு வேலை செய்யும் விதம். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றப்படும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், முடிவு மட்டும் சற்று இதமானது. ஒரு அனுபவத்தை நாம் அதன் நீளத்தால் எடைபோடுவதில்லை, உச்சத்தையும் முடிவையும் வைத்தே எடைபோடுகிறோம் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நாவலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கடைசி 50 பக்கம் கசந்தவர் ஏன் மொத்த வரிசையும் வீண் என்கிறார் என்பது புரியும். அவர் ரசித்துப் படித்த பத்தாயிரம் பக்கங்கள் பொய்யாகிவிடவில்லை. அந்த நிமிடத்தில் அவை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் வாரத் தீர்ப்பு மாறுமா?

சிலசமயம் மாறும். அர்சுலா லெ குவின் 1990-இல் 'தெஹானு' நாவலை எர்த்ஸீ வரிசையின் கடைசிப் புத்தகம் என்று துணைத்தலைப்பிட்டே வெளியிட்டார். பழைய மூன்று பாகங்களில் மாபெரும் மாயவித்தைக்காரனாக இருந்த கெட் இதில் சக்தி இழந்தவன். கதை ஒரு நடுவயதுப் பெண்ணின் வீட்டையும், தீயில் கருகிய ஒரு குழந்தையையும் சுற்றி நடக்கிறது. சாகசம் தேடி வந்தவர்கள் திகைத்தார்கள். அறிபுனை, ஃபேன்டசி படைப்புகளுக்கான நெபுலா விருது அதற்கே கிடைத்தது. 2001-இல் லெ குவின் அந்த உலகுக்குத் திரும்பி மேலும் எழுதியபோது, கடைசி என்று போட்டிருந்தது கடைசியாக இல்லாமலும் போனது.

சிலசமயம் மாறவே மாறாது. 1956 ஜனவரியில், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் கடைசி நூலான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' நூலுக்கு மதிப்புரை எழுதிய கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், இந்தப் புத்தகத்தைப் பற்றி நடந்த அளவுக்குக் கடுமையான வாக்குவாதங்கள் வேறு எதற்கும் நடந்ததாகத் தமக்கு நினைவில்லை, நடுநிலையாக யாருமே பேசுவதில்லை என்று குறிப்பிட்டார். இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன். வாசகர்கள் இரண்டாகப் பிரிவதற்குச் சமூக ஊடகத்தை மட்டும் குறை சொல்பவர்கள் அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும்.

எந்தப் புகார் நிற்கும்?

இவ்வளவு பிரித்த பிறகு 'எ மெமரி ஆஃப் லைட்' பற்றிய குறைகளில் எவை புத்தகத்தின் மீதே நிற்கின்றன என்று பார்க்கலாம்.

மின்நூல் கோபம் நியாயமானது, ஆனால் நாவலைச் சேர்ந்ததல்ல. ஆஸ்மோடியன் குறை முந்தைய பாகத்தின் கணக்கு. எபிலாக்கில் ராண்ட் வெறும் நினைப்பாலேயே புகைக்குழாயைப் பற்றவைப்பது எப்படி என்று விளக்கம் இல்லாததையும் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஜோர்டன் வேண்டுமென்றே திறந்து வைத்த கதவு அது. 44 லட்சம் சொற்களில் விதிகளை விளக்கிய ஒருவர் கடைசியில் ஒன்றை விளக்காமல் விட்டது அந்தக் காட்சிக்கு அழகு சேர்க்கிறது.

பின்கதை போதவில்லை என்பது பாதி நிற்கும். ராண்டின் மௌனமான புறப்பாடு அவனுக்குப் பொருந்துகிறது. ஆனால் தந்தையிடம் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு பக்கம் போதும்.

முழுதாக நிற்கும் குறை என்று பேடன் ஃபேய்ன் விஷயத்தைச் சொல்வேன். முதல் பாகத்தின் தொடக்கத்தில் ஊருக்கு வரும் வியாபாரி அவன். பாகத்துக்குப் பாகம் உருமாறி, இருட்டின் அதிபதிக்கே அடங்காத தனித்தீமையாக வளர்கிறான். கதையில் வேறு எந்தத் தீமைக்கும் அப்படி ஒரு வளர்ச்சி இல்லை. கடைசிப் பாகத்தில் போர் முடியும் தறுவாயில் மூடுபனியாக வருகிறான், மேட் கையில் சில பக்கங்களுக்குள் செத்துப்போகிறான். அவன் வராமலே இருந்திருந்தால் போரின் போக்கில் எதுவும் மாறியிருக்காது. இதற்குத் தியரியோ காத்திருப்போ காரணம் இல்லை. நேற்றுத் தொடங்கி இன்று முடித்தவருக்கும் இதே கேள்வி வரும். 13 பாகம் வளர்த்த இழைக்கு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு வேலை கொடுத்திருக்க வேண்டும், 79,000 சொற்கள் ஓடும் ஒரு போரில் அதற்கு இடமும் இருந்தது.